அரிய வண்ணத்துப்பூச்சியைத் தேடிப் போகிறீர்களா? முதலில் செடியைத் தேடுங்கள்

அரிய வண்ணத்துப்பூச்சி ஒன்றைப் பார்த்தே தீருவது என்று முதன்முறை கிளம்பியபோது நான் செய்த ஏற்பாடு இவ்வளவுதான்: படத்தைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தேன், கேமராவைத் தோளில் மாட்டினேன், காட்டுப் பாதையில் காலை முதல் மாலை வரை நடந்தேன். மூன்று நாள். கால் வலிதான் மிச்சம். திரும்பி வந்து, இதில் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு பெரியவரிடம் புலம்பினேன். "அதோட புழு எந்தச் செடியைத் தின்னும்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப நீ எதைத் தேடிப் போன?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல் பயணத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் எதை முதலில் செய்ய வேண்டுமோ, ஏறக்குறைய அந்த வரிசையில்.

எந்தப் பூச்சி என்று முடிவு செய்யுங்கள்

உலகில் சுமார் 18,000 வகை வண்ணத்துப்பூச்சிகள் உண்டு. அவற்றில் அரியவை என்று பெயர் வாங்கியவற்றுக்கு அந்தப் பெயர் வந்த காரணம் ஒன்றுபோல இருக்காது. இதைப் புரிந்துகொள்ளாமல் கிளம்பினால் அலைச்சல்தான்.

சில வகைகள் உலகிலேயே ஒரு சிறு மூலையில்தான் இருக்கும். பாப்புவா நியூ கினியின் ஓரோ மாகாணத்தில் மட்டும் வாழும் குயின் அலெக்சாண்ட்ரா பேர்ட்விங் அப்படிப்பட்டது. உலகின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சி. பெண் பூச்சி இறக்கையை விரித்தால் 25 சென்டிமீட்டரையும் தாண்டும். 1906-இல் ஆல்பர்ட் மீக் என்ற சேகரிப்பாளர் அதன் முதல் மாதிரியைத் துப்பாக்கியால் சுட்டுத்தான் கீழே இறக்கினார். வலைக்கு எட்டாத உயரத்தில் பறந்திருக்கிறது.

வேறு சில, இருக்க வேண்டிய அளவுக்கு இருக்கும்; நம் கண்ணில்தான் படாது. ஐரோப்பாவின் பர்ப்பிள் எம்பரர் பெரும்பாலான நேரத்தை மர உச்சியில் கழிக்கும். அந்தி மங்கும்போது மட்டும் நிழலில் பறக்கிற பழுப்பு நிறப் பூச்சிகளும் இந்த வகைதான். பகல் பன்னிரண்டு மணிக்கு அவற்றைத் தேடினால் காய்ந்த சருகைத்தான் பார்ப்போம். அந்தச் சருகில் ஒன்று பூச்சியாக இருக்கலாம் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது வகை, எண்ணிக்கையே குறைந்து அழிவின் விளிம்பில் நிற்பவை. முதல் பயணத்தில் இவற்றின் பக்கம் போகாதீர்கள் என்பது என் கருத்து. எங்கே கால் வைக்கக் கூடாது என்று தெரியாத ஒருவர் அங்கே போவதால் பூச்சிக்கு நன்மை இல்லை.

புதியவருக்கு ஏற்றது முதல் வகை: பரப்பு சிறியது, ஆனால் அந்தப் பரப்புக்குள் போய்விட்டால் ஓரளவு தாராளமாகவே இருக்கும். அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பயணத்துக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. பதினைந்து பெயர்களைப் பட்டியல் போட்டு எடுத்துப் போகிறவர் பதினைந்தையும் அரைகுறையாகத்தான் தேடுவார். நானும் அப்படிப் போனவன்தான்.

வாசலில் பறப்பவற்றை அறிந்துகொள்ளுங்கள்

அவசரப்படுகிறவர்கள் தாவிப் போய்விடும் படி இது. சாதாரணப் பூச்சிகளை அறியாதவருக்கு அரியது எதிரே வந்து உட்கார்ந்தாலும் தெரியாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வெந்தய வரியன் ஆப்பிரிக்காவிலிருந்து ஆசியா வரை எங்கும் பறக்கிற பூச்சி. ஆரஞ்சு நிற இறக்கை, முன்னிறக்கையின் நுனியில் கறுப்பு, அதில் வெள்ளைப் பட்டை. எருக்கு போன்ற பால் வடியும் செடிகளைத் தின்று வளர்வதால் உடம்பில் நஞ்சு ஏறியிருக்கும், பறவைகள் தொடாது. அந்தத் தைரியத்தில் ஆடி அசைந்து பறக்கும். இப்போது ஹைப்போலிம்னஸ் மிசிப்பஸ் என்ற இன்னொரு பூச்சி. இதன் ஆண் கறுப்பு. வெள்ளை வட்டங்களைச் சுற்றி ஊதா மினுமினுக்கும். பெண்ணோ வெந்தய வரியனின் அச்சு அசல். நஞ்சு கிடையாது, வேடம் மட்டும்தான். நடையைக்கூட நகலெடுத்து மெதுவாகவே பறக்கும்.

எப்படிப் பிரித்தறிவது? பின்னிறக்கையைப் பாருங்கள். வெந்தய வரியனுக்கு அதன் நடுப்பகுதியைச் சுற்றி மூன்று கறுப்புப் புள்ளிகள் இருக்கும். ஆணுக்கு நான்காவதாக ஒன்று கூடுதல். வேடதாரிக்கு நடுவில் ஒன்றும் இராது. மேல் விளிம்பை ஒட்டி ஒரே ஒரு கறுப்புத் திட்டு. ஒருமுறை கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டால் பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். பிடிபடும் வரை, எத்தனை மிசிப்பஸ் நம் முன்னால் பறந்து போயினவோ, யாருக்குத் தெரியும்.

இந்தப் பழக்கம் வர எளிய வழி, வாரம் ஒருமுறை ஒரே பாதையில் நடப்பது. பிரிட்டனில் 1976-இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்பு இந்த முறையில்தான் இன்றுவரை நடக்கிறது. எர்னி போலார்டு வகுத்த முறை அது. நிலையான ஒரு பாதையில் ஒரே வேகத்தில் நடப்பார்கள். இரு பக்கமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர். அந்தக் கற்பனைப் பெட்டிக்குள் வருவதை மட்டும் எண்ணுவார்கள். வீட்டுக்கு அருகில் ஏதாவது ஒரு பாதையை எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் இப்படி நடந்து பாருங்கள். குடும்பங்கள் பிடிபட ஆரம்பிக்கும். வால் நீட்டிய பெரிய அழகிகள், வெள்ளையன்கள், நான்கு காலில் நிற்பதுபோல் தெரியும் வரியன்கள், விரல் நகம் அளவே உள்ள நீலன்கள், அம்பு போலப் பாயும் தாவிகள். வரியன்களுக்கும் கால் ஆறுதான். முன்னங்கால் இரண்டும் சிறுத்து நெஞ்சோடு ஒட்டியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

செடியைத் தேடுங்கள்

பெரியவரின் கேள்விக்கு வருவோம். முதிர்ந்த பூச்சி பல பூக்களில் தேன் குடிக்கும். ஆனால் புழுப் பருவத்தில் பெரும்பாலானவை சாப்பாட்டில் பிடிவாதக்காரர்கள். ஒரு செடி, அல்லது ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சில செடிகள். வேறு எதையும் தொடாது. தாய்ப்பூச்சி அந்தச் செடியில்தான் முட்டையிடும். ஆண் பூச்சி அந்தத் தாயைத் தேடித்தான் சுற்றும். ஆக, செடி எங்கேயோ பூச்சி அங்கே.

பேர்ட்விங் எனப்படும் பெரிய பூச்சிகளைத் தேடுகிறீர்கள் என்றால் ஆடுதீண்டாப்பாளை குடும்பத்துக் கொடிகள் எங்கே படர்ந்திருக்கின்றன என்று விசாரியுங்கள். மலைகளில் வாழும் அப்போலோவுக்குப் பாறை இடுக்கில் வளரும் சதைப்பற்றான சீடம் செடிகள் வேண்டும். அமெரிக்காவின் புளோரிடாவில் மயாமி ப்ளூ என்றொரு சிறு நீலன் உண்டு. 1992-இல் ஆண்ட்ரூ புயலுக்குப் பிறகு கண்ணில் படாமல் போய், அழிந்தே விட்டது என்று நினைத்தார்கள். 1999-இல் பஹியா ஹோண்டா பூங்காவில் ஓர் ஆர்வலர் அதை மறுபடி கண்டார். அங்கே அதன் புழுவுக்கு உணவு, நாம் பல்லாங்குழி ஆடிய அதே கழற்சிக்காயின் முட்செடி. 2010-இல் அந்தக் கூட்டமும் மறைந்துபோனது. கழற்சிச் செடியை மேய்ந்து தீர்த்த பச்சை இகுவானா என்ற பெரிய ஓணான்களையும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

செடி மட்டும் போதாத பூச்சிகளும் உண்டு. லார்ஜ் ப்ளூ என்ற பூச்சியின் கதையைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க மனமில்லை. அதன் புழு முதலில் காட்டுத் தைம் செடியின் பூவைத் தின்னும். மூன்று வாரம் போல ஆனதும் தரையில் விழுந்துவிடும். மிர்மிக்கா இன எறும்பு ஒன்று, தன் கூட்டத்துக் குஞ்சு வழிதவறிக் கிடக்கிறது என்று எண்ணி அதைத் தூக்கிக்கொண்டு புற்றுக்குள் போகும். உள்ளே போன விருந்தாளி, எறும்பின் குஞ்சுகளையே தின்று மாதக்கணக்கில் அங்கே வளரும்.

பிரிட்டனில் இந்தப் பூச்சி ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்தது. பூச்சி பிடிப்பவர்கள்தான் காரணம் என்று நினைத்து வேலியெல்லாம் போட்டார்கள். தைம் செடி தாராளமாகவே இருந்தது. ஆனால் மேய்ச்சல் நின்று, முயல்களும் நோயில் செத்துப்போனதில் புல் உயர்ந்துவிட்டது. புல் உயர்ந்ததும் தரையில் வெயில் படவில்லை. மண் குளிர்ந்தது. வெதுவெதுப்பான மண்ணை விரும்பும் குறிப்பிட்ட எறும்பு வகை இடத்தைக் காலி செய்தது. ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் இந்த முடிச்சை அவிழ்ப்பதற்குள் காலம் கடந்துவிட்டது. 1979-இல் அந்நாட்டில் பூச்சி அழிந்தது. பிறகு மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்து, 1983 முதல் ஸ்வீடனிலிருந்து எடுத்துவந்த பூச்சிகளை விட்டார்கள். இன்று மறுபடி பறக்கிறது. இதைத் தேடிப் போகிறவர் பார்க்க வேண்டியது தைம் செடியையும், அதைச் சுற்றியுள்ள புல்லின் உயரத்தையும்.

அதனால் கிளம்பும் முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். புழு தின்னும் செடி எது? அது நிழலில் வளர்வதா, வெயிலிலா, நீரோரமா, பாறையிலா? இந்தப் பூச்சிக்கு எறும்பு மாதிரி கூட்டாளி உண்டா? அந்தச் செடியின் இலை, பூ, காய் மூன்றின் படத்தையும் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பூக்காத காலத்திலும் செடியை அடையாளம் காண வேண்டுமே.

எப்போது போவது

முதிர்ந்த வண்ணத்துப்பூச்சியின் ஆயுள் பெரும்பாலும் சில வாரங்கள்தான். ஆண்டுக்கு ஒரே தலைமுறை பறக்கும் வகை என்றால், அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். பழைய பதிவுகளை எடுத்து, எந்தத் தேதிகளில் பார்த்திருக்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். பதிவுகள் குவியும் பத்து நாள் தென்படும். அதன் தொடக்கத்துக்குப் போவது நல்லது. ஆண் பூச்சிகள் முதலில் வெளிவரும், இறக்கையும் புதிதாக இருக்கும். கடைசி நாட்களில் போனால் செதில் உதிர்ந்து, விளிம்பு கிழிந்து, அடையாளம் காணவே தடுமாற வைக்கும் பூச்சிகளைத்தான் பார்ப்பீர்கள். உயரமான இடங்களில் பருவம் தள்ளிப் போகும் என்பதையும், மழை முந்தினாலோ பிந்தினாலோ எல்லாக் கணக்கும் மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டையே தவறவிடும் வாய்ப்பும் இருக்கிறது. வடக்கின் குளிர்ப் பகுதிகளில் வாழும் ஈனிஸ் பேரினப் பூச்சிகளில் சில, முட்டையிலிருந்து இறக்கை முளைக்க இரண்டு ஆண்டு எடுத்துக்கொள்ளும். வட அமெரிக்காவின் மாகூன்ஸ் ஆர்க்டிக் அப்படித்தான். ஓர் இடத்தில் ஓர் ஆண்டு பறந்தால் அடுத்த ஆண்டு பெரும்பாலும் பறக்காது. மாறான ஆண்டில் போனவர் எத்தனை கவனமாகத் தேடினாலும் வெறுங்கைதான்.

பூட்டான் குளோரி இனத்தில் லட்லோ என்பவரின் பெயரைத் தாங்கிய ஒரு பூச்சி உண்டு. 1930-களில் பூட்டானில் சில மாதிரிகள் பிடிபட்டன. அப்புறம் பேச்சு மூச்சில்லை. 2009-இல்தான் த்ராஷியாங்ட்சே பள்ளத்தாக்கில் அது மறுபடி தென்பட்டது. இடையில் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பூச்சி அங்கேதான் இருந்திருக்கிறது. சரியான பள்ளத்தாக்கில், சரியான பருவத்தில் நின்று அண்ணாந்து பார்க்க ஆளில்லை.

என்னென்ன வேண்டும்

இதைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. பைனாகுலர் அவசியம், ஆனால் பறவை பார்ப்பதற்கென்று வாங்கியது கிட்டத்தில் குவியாமல் போகலாம். இரண்டு மீட்டருக்குள் குவிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பென்டாக்ஸ் பப்பிலியோ என்ற மாடல் அரை மீட்டரிலும் குவியும், பெயரே வண்ணத்துப்பூச்சிதான். கேமரா இருந்தால் மேக்ரோ லென்ஸோ, கொஞ்சம் கிட்டத்தில் குவியக்கூடிய டெலி லென்ஸோ போதும். இல்லையென்றால் கைபேசியே போதும், பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும்.

நோட்டுப் புத்தகம், பென்சில். மழையில் பேனா மை கரையும், பென்சில் கரையாது. முழுக்கைச் சட்டை, மண்ணிலும் இலையிலும் கலந்துபோகும் நிறத்தில். தண்ணீர் நினைப்பதைவிட ஒரு பாட்டில் அதிகம், ஏனென்றால் நாம் நடக்கப் போவது எல்லோரும் நிழல் தேடும் நேரத்தில். அட்டையும் உண்ணியும் உள்ள இடமென்றால் காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொள்ளுங்கள். பூச்சி விரட்டி மருந்து பூசிய கையோடு வண்ணத்துப்பூச்சியையோ அதன் முட்டை இருக்கும் இலையையோ தொடாதீர்கள். அந்த மருந்துக்கு எந்தப் பூச்சி நல்லது, எது கெட்டது என்று தெரியாது.

களத்தில் ஒரு நாள்

விடியற்காலையிலேயே போய் நிற்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. பறவை பார்ப்பவர்கள் திரும்பி வரும் நேரத்தில் நாம் கிளம்பலாம். வண்ணத்துப்பூச்சிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளும் திறன் மிகக் குறைவு. பறக்கும் தசைகள் முப்பது டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடானால்தான் நன்றாகப் பறக்க முடியும். அதனால் முதல் வெயில் எந்த இலையில், எந்தப் பாறையில் விழுகிறதோ அங்கே உட்கார்ந்து வெயில் காயும். பல வகைகள் இறக்கையை விரித்துக் காயும். மஞ்சள் பூச்சிகள் சில இறக்கையை மூடி, பக்கவாட்டில் சாய்ந்து காயும். நாளின் மிகச் சிறந்த நேரம் இந்த ஒரு மணி நேரம்தான் என்பேன். பூச்சி விழித்திருக்கும், ஆனால் ஓட முடியாது.

வெயில் ஏறியபின் பூக்களைப் பாருங்கள், செடியைச் சுற்றிப் பாருங்கள். தாழ்வாக, தயங்கித் தயங்கிப் பறந்து, இலையை இலையாகத் தொட்டுப் பார்க்கும் பூச்சி கண்ணில் பட்டால் நின்றுவிடுங்கள். அது முட்டையிட இடம் தேடும் பெண். காலால் தொட்டே இலையின் சுவையை அறிந்துவிடும்.

நடுப்பகலில் குன்றின் உச்சிக்கு ஏறுவது வீண் போகாது. சில வகைகளின் ஆண்கள் அந்தப் பகுதியின் உயரமான முனையில் வந்து கூடி, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு பெண்ணுக்காகக் காத்திருக்கும். அடிவாரத்தில் நாள் முழுக்கத் தேடியும் கிடைக்காத பூச்சி உச்சியில் ஐந்து நிமிடத்தில் வரும்.

அப்புறம் ஈரமண். ஆற்றோரம், ஊற்று கசியும் பாறை, சேறு. இங்கே கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் ஆண்கள். அவற்றுக்கு வேண்டியது உப்பு. தேனில் சோடியம் மிகக் குறைவு. மண்ணில் கிடைப்பதை உறிஞ்சிச் சேர்த்து, இணை சேரும்போது பெண்ணிடம் கொடுக்கும். அது முட்டைக்குப் போய்ச் சேரும். சீர்வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் சொன்ன அந்த மூன்று நாள் பயணத்துக்குத் திரும்புகிறேன். அடுத்த பருவத்தில் அதே இடத்துக்கு மறுபடி போனேன், இந்த முறை செடியின் படத்தோடு. செடியைக் கண்டுபிடித்தேன், கொடி பாதையோரத்திலேயே இருந்தது, போன முறை அதன் மேலேயே கைக்குட்டையை உலர்த்தியிருக்கிறேன். ஆனால் நான் தேடிய பூச்சியை முதலில் பார்த்தது அந்தக் கொடியில் இல்லை. வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால், ஓட்டுநர்கள் ஒதுங்கிவிட்டு வரும் சுவரோர ஈரத்தில், நான்கு உட்கார்ந்து நிம்மதியாக உறிஞ்சிக்கொண்டிருந்தன. மூக்கைப் பொத்திக்கொண்டு எடுத்த படங்கள் அவை. யாருக்காவது காட்டும்போது இடத்தைச் சொல்வதில்லை.

அதனால் அழகான இடங்களில் மட்டும் தேடாதீர்கள். சாணம், அழுகிய பழம், செத்த நண்டு, மரப்பட்டையில் வடியும் பால், எல்லாவற்றையும் பாருங்கள். மர உச்சியில் வாழும் பர்ப்பிள் எம்பரரைத் தரைக்கு இறக்குவதும் சாணமும் பிணமும்தான். உங்கள் வியர்வையும் உப்புதான். சும்மா உட்கார்ந்திருந்தால் முழங்கையில் வந்து உட்காரும். மேகம் மூடியதும் எல்லாம் மறைந்துவிடும். அப்போது வீடு திரும்பிவிடாமல், குனிந்து இலைகளின் அடிப்புறத்தைப் பாருங்கள், இலையைத் திருப்ப வேண்டாம். பல அங்கேதான் தொங்கும்.

நெருங்குவதும் படமெடுப்பதும்

முதல் படத்தைத் தூரத்திலிருந்தே எடுங்கள். மூன்று மீட்டரோ ஐந்து மீட்டரோ, பார்த்த இடத்தில் நின்றபடி. மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. பறந்துபோன பிறகு கையில் இருப்பது அதுதான்.

அடுத்து, உங்கள் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். புதியவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். பூச்சியின் கூட்டுக்கண் ஏறக்குறைய எல்லாத் திசையையும் பார்க்கும். துல்லியம் குறைவு, ஆனால் அசைவும் நிழலும் சட்டென்று பிடிபடும். நிழல் பூச்சியின் மேல் விழாத பக்கமாகக் குனிந்து, ஒரு அடி வைத்து நின்று, அடுத்த அடி வையுங்கள். கையைத் தூக்கிக் காட்டி நண்பரை அழைக்காதீர்கள். உறிஞ்சுகுழல் பூவுக்குள் இருக்கும்வரை நகரலாம். குழலைச் சுருட்டினாலோ இறக்கையை ஒருமுறை அடித்தாலோ அசையாமல் நில்லுங்கள். மறுபடி குழலை நீட்டியதும் தொடருங்கள்.

நெருங்கிய பின் கேமரா இறக்கையின் தளத்துக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்ந்தால் பாதி இறக்கை தெளிவாகவும் பாதி மங்கலாகவும் வரும். மேற்புறம் ஒன்று, அடிப்புறம் ஒன்று, இரண்டும் வேண்டும். நீலன்களுக்கு அடிப்புறம் இல்லாமல் பெயரே சொல்ல முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் காமன் ப்ளூவின் பெண்ணையும் பிரவுன் ஆர்கஸையும் பிரிப்பது முன்னிறக்கையின் அடிப்புறத்தில், உடம்புக்கு அருகில் இருக்கும் ஒரே ஒரு புள்ளி. காமன் ப்ளூவுக்கு உண்டு, மற்றதற்கு இல்லை. நான் ஒருமுறை ஒரு நீலனின் மேற்புறத்தை மட்டும் நாற்பது படம் எடுத்துவந்தேன். நாற்பதும் அருமையான படங்கள். இன்றுவரை அதற்குப் பெயர் கிடையாது.

செய்யக் கூடாதவை

வலை வேண்டாம். பல நாடுகளில் அனுமதி இல்லாமல் பிடிப்பது குற்றம். பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் வலையோடு நின்றாலே கேள்வி வரும். பேர்ட்விங் வகைகள், அப்போலோ, பூட்டான் குளோரி இனம் எல்லாம் சைட்டீஸ் என்ற பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளவை. பாதையில் கிடந்த செத்த பூச்சிதானே என்று இறக்கையை எடுத்துப் பைக்குள் வைத்து எல்லை தாண்டினாலும் சிக்கல்தான். நுழைவு அனுமதி, வழிகாட்டி, படமெடுக்க அனுமதி ஆகியவற்றை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

செடியை மிதிக்காதீர்கள். முட்டை குண்டூசித் தலை அளவுதான். கண்ணுக்குத் தெரியாததைத்தான் மிதிப்போம். படத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று கிளையை ஒடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒடித்த கிளையில் புழு இருந்தது. இன்னொன்று, இணை சேர்ந்திருக்கும் ஜோடியையும், கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்து இறக்கை உலர்த்தும் பூச்சியையும் தூரத்திலிருந்தே பாருங்கள். இறக்கை விறைப்பதற்குள் கீழே விழுந்துவிட்டால் அது பறக்கவே போவதில்லை.

குறித்து வைப்பது

அன்றைய இரவே எழுதிவிடுங்கள். தேதி, நேரம், இடம், உயரம், வெயிலா மேகமா, பூச்சி என்ன செய்துகொண்டிருந்தது, எந்தச் செடியில், எத்தனை. பெயர் உறுதியில்லை என்றால் பெயரை விட்டுவிட்டுக் குடும்பத்தை மட்டும் எழுதுங்கள். நிச்சயமில்லாத அரிய பெயரைவிட, "நீலன், வகை தெரியவில்லை" என்ற வரி பின்னால் பார்ப்பவருக்கு உதவும்.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற, உயிரினப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளங்களில் பதிவேற்றினால், அழிவு அபாயத்தில் உள்ளதாகக் குறிக்கப்பட்ட வகைகளின் இடத்தை அந்தத் தளமே மங்கலாக்கிவிடும்; சரியான புள்ளிக்குப் பதிலாக, 0.2 டிகிரி அகல நீளமுள்ள ஒரு பெரிய கட்டத்துக்குள் எங்கோ ஓர் இடத்தைக் காட்டும். ஆனால் நீங்கள் வேறெங்காவது படத்தைப் பகிரும்போது அந்தக் காவல் கிடையாது. கைபேசி எடுத்த படத்துக்குள் இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒளிந்திருக்கும். அதை நீக்கிவிட்டுப் பகிருங்கள். பின்னணியில் தெரியும் பெயர்ப்பலகையையும் ஒரு கண் பாருங்கள். இடம் எது என்று கேட்பவர்களுக்கு மாவட்டமோ மலைத்தொடரோ போதும். அரிய பூச்சிகளை வாங்கி விற்கும் சந்தை ஒன்று இன்னும் இருக்கிறது, அவர்களும் படம் பார்க்கிறார்கள்.

கிடைக்காமல் திரும்பினாலும் அன்றைய பக்கத்தைக் காலியாக விடாதீர்கள். "காலை 9 முதல் மாலை 4 வரை, வெயில், செடி இருந்தது, பூச்சி இல்லை" என்று எழுதுங்கள். என் நோட்டில் அப்படிப்பட்ட பக்கங்கள்தான் அதிகம். ஈராண்டுக்கு ஒருமுறை பறக்கும் பூச்சிகளின் தாளம் பிடிபட்டது, வெறுங்கையோடு திரும்பிய ஆண்டுகளையும் யாரோ எழுதி வைத்ததால்தான்.